அப்பாயி சம்படத்தில் கிடந்த சின்னச் செப்புக்காசு: இது ரோமானியக் காசா? பார்த்துச் சொல்லுங்கள்

கரூர்ப்பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் கரூர், பதினோரு வருடமாகப் பெங்களூரில் ஜே.பி. நகரில் இருக்கிறேன். போன தை மாதம் எங்கள் அப்பாயி தவறிவிட்டார்கள். அவர்களுடைய சாமான்களை அத்தை பிரித்துக் கொடுத்தபோது எனக்கு ஒரு எவர்சில்வர் சம்படம் வந்தது. உள்ளே ஓட்டைக் காலணா நாலைந்து, ஜார்ஜ் மன்னர் தலை போட்ட காசுகள் கொஞ்சம், ஒரு மஞ்சள் துணி முடிச்சு. முடிச்சை அவிழ்த்தால் ஒரே ஒரு குட்டிக் காசு. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம்தான் பெரிது, கறுப்பும் பச்சையுமாக இருக்கிறது, ஓரம் வட்டமாகவே இல்லை.

வீட்டில் இதைக் "கருடன் காசு" என்று சொல்வார்கள். பொங்கலன்று சாமி தட்டில் வைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு பக்கம் ஆள் நடந்து போவது போலவும் முதுகில் இறக்கை இருப்பது போலவும் தெரியும், அதனால்தான் அந்தப் பெயர். இன்னொரு பக்கம் ஒரு தலை, வலது பக்கம் பார்த்த மாதிரி. ஓரத்தில் ஏதோ எழுத்து இருந்திருக்க வேண்டும், இப்போது வெறும் மேடு பள்ளம்தான். முன்னும் பின்னுமாக இரண்டு படம் இணைத்திருக்கிறேன், செல்போனில் எடுத்ததுதான், அவ்வளவு தெளிவில்லை.

போன சனிக்கிழமை அவென்யூ ரோடு பக்கம் பழைய காசு விற்கிற ஒரு கடையில் காட்டினேன். கையில் வாங்கிய வேகத்தில் "விஜயநகரக் காசு, கொடுத்துட்டுப் போங்க, பளபளன்னு கழுவி வைக்கிறேன்" என்றார். மனசு ஒப்பவில்லை, திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆபீசில் ஒரு தோழி வேறு, இங்கே பெங்களூர் யஷ்வந்த்பூரில் ரோமானியக் காசு கிடைத்திருக்கிறது, இதுவும் அப்படித்தான் இருக்கும் என்கிறாள். எனக்கு விலை தெரிய வேண்டாம், விற்கவும் போவதில்லை. இது என்ன காசு, யார் காலத்தது, இதைப் புளி போட்டுத் தேய்த்தால் எழுத்து தெரியுமா, இவ்வளவுதான் கேள்வி. தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

தாமிரத்தட்டு எழுதியது:

ஒரு பக்கம் நிற்கிற ஆள் என்றால் ராஜராஜ சோழன் காசாக இருக்கலாம் மேடம். கரூர்ப் பக்கம் நிறையக் கிடைக்கும். என்னிடமே ஆறு இருக்கிறது.

அமராவதி மணல் எழுதியது:

தாமிரத்தட்டு சார், மன்னிக்கணும், இது ராஜராஜன் காசு இல்லை. அந்தக் காசில் ஒரு பக்கம் நிற்கிற உருவம், மறு பக்கம் உட்கார்ந்த உருவம், அதன் கைக்குக் கீழே நாகரி எழுத்தில் ஸ்ரீ ராஜராஜ என்று இருக்கும். பக்கவாட்டில் பார்த்த மனிதத் தலை அதில் கிடையாது. அளவும் ஒத்துவரவில்லை. ராஜராஜன் காசு நன்றாகத் தேய்ந்தாலும் மூன்றரை, நாலு கிராம் நிற்கும், கையில் எடுத்தாலே கனம் தெரியும். சகோதரி சொல்வது சட்டைப் பொத்தான் அளவு.

சகோதரி, உங்கள் படத்தை நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் யோசனையை முழுசாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

இவ்வளவு தேய்ந்த காசில் எழுத்தைத் தேடி ஆரம்பிக்கக் கூடாது. எல்லோரும் அங்கேதான் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார்கள். முதலில் அளவும் எடையும், அடுத்து பூப்பக்கத்து உருவத்தின் வெளிக்கோடு, அதற்கப்புறம் தலை, எழுத்து எல்லாவற்றுக்கும் கடைசி. தூரத்தில் வருகிற ஆளை முகம் தெரியும் முன்பே நடையை வைத்துச் சொல்லிவிடுகிறோம் இல்லையா, அப்படித்தான் இதுவும்.

இந்த அளவில் நம் பக்கம் கிடைக்கக்கூடிய செப்புக் காசுகள் பல உண்டு. சங்ககாலச் சேர, பாண்டியக் காசுகள் பெரும்பாலும் சதுரம், அவற்றை ஒதுக்கிவிடலாம். மதுரை நாயக்கர் காசு சின்னதுதான், ஆனால் தடிமனாக, மிளகாய் விதைப் பொட்டலம் மாதிரி உருண்டு திரண்டு இருக்கும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் அடித்த காசும் இதே மாதிரி மெல்லிசாக இருக்கும், தேய்ந்துவிட்டால் இதோடு குழம்பிப்போவதும் உண்டு, ஆனால் அதில் ராஜாவின் பெயரெழுத்துகளைப் பின்னி மேலே கிரீடம் வைத்திருப்பார்களே தவிர, நடக்கிற ஆள் இருக்காது. விஜயநகரக் காசு என்று கடைக்காரர் சொன்னதும் சரியில்லை. உங்கள் காசில் தலை வலப்பக்கம் பார்க்கிறது, தலைக்குப் பின்னால் கழுத்துக்கு மேலே இரண்டு சின்னக் கோடுகள் தொங்குகின்றன, படத்தில் நன்றாகவே தெரிகிறது. அது தலையில் கட்டிய முத்துப் பட்டத்தின் நாடா முனை. அந்த நாடாவைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. இது ரோமானியப் பேரரசின் கடைசிக்காலக் காசு, கி.பி. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோ 5ஆம் நூற்றாண்டின் தொடக்கமோ.

யஷ்வந்த்பூர் சமாசாரம் வேறு. அங்கேயும் எச்.ஏ.எல். பக்கமும் கிடைத்தவை அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ் காலத்து ரோமானியக் காசுகள். மிளகுக்கும் முத்துக்கும் யவனர் வெள்ளியும் பொன்னும் கொண்டுவந்து கொட்டிய காலம் அது. உங்கள் காசு அதற்கு முன்னூறு, முன்னூற்றைம்பது வருடம் பிந்தியது, வேறு உலகம். இந்தச் செப்புச் சில்லறை கரூர் அமராவதி ஆற்று மணலில், மதுரையில், திருக்கோவிலூர்ப் பக்கம் எல்லாம் கிடைத்திருக்கிறது. வைகை முகத்துவாரத்தில் அழகன்குளம் அகழாய்விலும் வந்திருக்கிறது. ஆக, உங்கள் அப்பாயி கரூர்க்காரர் என்பது இந்தக் காசுக்குப் பொருந்திப்போகிறது.

அடுத்து எந்த வகை என்று பார்க்க வேண்டும். அந்த நூற்றாண்டில் செப்புக் காசின் பூப்பக்கத்தில் பொறித்த காட்சிகள் எண்ணிக்கையில் குறைவு, வருடமும் ஓரளவு தெரியும். நடுவில் கொடிக்கம்பம், இரண்டு பக்கமும் சிப்பாய் என்றால் 330 முதல் 341 வரை, கான்ஸ்டன்டைன் குடும்பம். இரண்டு கம்பம் இருந்தால் 335க்கு முன், ஒரே கம்பம் என்றால் அதற்குப் பின். குதிரையிலிருந்து விழுகிறவனை வீரன் ஈட்டியால் குத்துவது 348க்கு அப்புறம் 361 வரை. இறக்கை வைத்த வெற்றித் தேவதை கையில் மாலையை நீட்டிக்கொண்டு நடப்பது 364 முதல் 378 வரை. அதே காலத்தில் இன்னொரு வகையும் உண்டு, ராஜா வலப்பக்கமாக நடந்தபடி கைதியின் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறார். இந்தக் கடைசி இரண்டும் சாதாரணமாகப் பதினேழு பதினெட்டு மில்லிமீட்டர் இருக்கும், உங்களுடையதைவிடப் பெரிது.

நான் சந்தேகப்படுவது இதற்கடுத்து வந்த வகையை. லத்தீனில் சாலுஸ் ரெய்புப்ளிகே என்று எழுதியிருக்கும், அரசின் நலம் என்று பொருள். 388இல் தொடங்கி அடுத்த நூற்றாண்டின் முதல் ஓரிரு வருடங்கள்வரை அடித்திருக்கிறார்கள். இதில் வெற்றித் தேவதை இடப்பக்கமாக நடக்கிறாள். தோளில் போர்ச்சின்னம் ஒன்றைச் சாய்த்துக்கொண்டிருக்கிறாள், அது பகைவனின் கவசத்தைக் கழியில் மாட்டியது. பின்னால், காசின் வலப்பக்கம் கீழே, ஒரு கைதியை இழுத்துக்கொண்டு போகிறாள். உங்கள் வீட்டில் கருடன் என்று சொன்ன இறக்கை இவளுடையது என்று நினைக்கிறேன்.

உறுதி செய்ய மூன்று விஷயம் வேண்டும். ஒன்று எடை, நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் தராசில். நகைக்கடையில் தெரிந்தவர் இருந்தால் கேளுங்கள், சந்தோஷமாகப் போட்டுத் தருவார்கள். இரண்டு, வெர்னியரில் குறுக்களவு, அதிகமும் குறைவும் இரண்டையும். மூன்றாவது படம், இதுதான் முக்கியம். மேலே இருந்து வெளிச்சம் அடித்தால் தேய்ந்த காசில் ஒன்றுமே தெரியாது. அறையை இருட்டாக்கிவிட்டு, டார்ச்சைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடியுங்கள், சாயங்கால வெயிலில் வயல் வரப்பின் நிழல் நீளுவது போல மேடெல்லாம் நிழல் போட்டுத் தெரியும். காசை அசைக்காமல் டார்ச்சை மட்டும் நாலு பக்கமும் மாற்றி நாலு படம் எடுங்கள்.

கழுவ மட்டும் வேண்டாம். வேதியியல் தெரிந்த வாத்தியார் ஒருவர் இங்கே இருக்கிறார், அவர் சொல்லட்டும்.

வேதியியல் வாத்தியார் எழுதியது:

புளி வேண்டவே வேண்டாம் அம்மா. எலுமிச்சை, வினிகர், பித்தளை விளக்கு துலக்குகிற பொடி, டூத்பேஸ்ட் எதுவுமே வேண்டாம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், வெறும் கூடாது என்றால் மனசு கேட்காது. நாம் செம்பு என்று சொல்கிற இந்தக் காசு வெறும் செம்பு இல்லை, ஈயமும் வெள்ளீயமும் கலந்த கலவை. ஆயிரத்து அறுநூறு வருடம் மண்ணிலும் ஆற்றிலும் கிடந்தால் மேல்தோல் முழுக்க ஆக்சைடாகவும் கார்பனேட்டாகவும் மாறிவிடுகிறது. அதைக் களிம்பு என்று சொல்லித் தேய்த்துத் தள்ளத் தோன்றும். ஆனால் காசில் மிச்சமிருக்கிற மூக்கு, கண், எழுத்தின் மேடு எல்லாம் பல சமயம் அந்தக் களிம்புத் தோலில்தான் இருக்கிறது, உள்ளே இருக்கிற உலோகத்தில் இல்லை. புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலம் அந்தத் தோலைக் கரைத்துவிடும். அப்புறம் கையில் மிஞ்சுவது பள்ளம் பள்ளமாக அரித்த ஒரு சிவப்புத் தகடு. என் கையாலேயே ஒரு பாண்டியர் காசை இருபது வருடம் முன்பு எலுமிச்சைச் சாற்றில் போட்டுக் கெடுத்தேன். மீன் சின்னம் இருந்தது. பத்து நிமிடத்தில் போய்விட்டது. இன்னும் அந்தத் தகட்டை வைத்திருக்கிறேன், யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுவேன்.

நம் வீடுகளில் புளியோடு உப்பும் சேர்த்துத்தான் தேய்ப்பார்கள், அது இன்னும் மோசம். உப்பில் குளோரைடு இருக்கிறது. காசுக்குள் குளோரைடு புகுந்து தங்கிவிட்டால், ஈரமும் காற்றும் படும்போதெல்லாம் வெளிர் பச்சையாக மாவு மாதிரி பூத்துக்கொண்டே இருக்கும், கூடவே அமிலமும் உண்டாகி உள்ளே உள்ளே அரித்துக்கொண்டு போகும். வெண்கல நோய் என்பார்கள். கரும்பச்சையாக, கெட்டியாக, வழவழப்பாக இருந்தால் பயமில்லை. வெளிர் பச்சைப் பொடி, விரலில் ஒட்டுகிறது, துடைத்தாலும் நாலு நாளில் மறுபடி வருகிறது என்றால் அது நோய். உங்கள் படத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை, நேரில் ஒருமுறை லென்ஸ் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அழுக்கு மட்டும் போக வேண்டும் என்றால் டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போடுங்கள், பேட்டரிக் கடையில் கிடைக்கும். பெங்களூர்க் குழாய்த் தண்ணீர் வேண்டாம், காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும், போர் தண்ணீரில் உப்பு. வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, ஒரு மாதம் போனாலும் அவசரப்படாமல், இளகிவந்த மண்ணை மட்டும் மூங்கில் பல்குச்சியால் மெதுவாகத் தள்ளுங்கள். ஊசி கூடாது. குங்குமம், சந்தனம் காய்ந்து பள்ளங்களில் ஏறியிருக்கும், அது இதிலேயே வந்துவிடும். பிறகு நன்றாகக் காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சின்ன டப்பாவில் மூடி வையுங்கள். ஆவணி, புரட்டாசி மழைக்காலத்தில் அந்தப் பொட்டலத்தை மாற்ற மறக்காதீர்கள். இனிமேல் பொங்கலுக்குச் சாமி தட்டில் வைப்பதாக இருந்தால் டப்பாவோடு வையுங்கள், குங்குமம் டப்பா மேல் இருக்கட்டும்.

கரூர்ப்பொண்ணு எழுதியது:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை, ரொம்ப நன்றி. வாத்தியார் சார், நல்லவேளை இங்கே கேட்டேன், இந்த ஞாயிற்றுக்கிழமை புளி கரைப்பதாக இருந்தேன்.

எங்கள் தெருமுனை நகைக்கடையில் எடை போட்டேன். 1.08 கிராம். கடைக்கார அண்ணன் இரண்டு தடவை போட்டுக் காட்டினார், பவுனில் எட்டில் ஒரு பங்கு, அவ்வளவுதான்மா என்றார். வெர்னியர் என் பையனுடைய காலேஜ் பையில் இருந்தது, நீளவாட்டில் 13.2, குறுக்கே 12.4 மில்லிமீட்டர்.

டார்ச் யோசனை அதிசயமாக வேலை செய்தது. இத்தனை வருடம் பார்த்த காசில் இவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. நாலு படம் இணைத்திருக்கிறேன். நடக்கிற ஆளுக்குக் கீழே வலது ஓரத்தில் குந்தி உட்கார்ந்த மாதிரி ஒரு சின்ன உருவம் இருக்கிறது! நாங்கள் யாருமே அதைப் பார்த்ததில்லை. இடப்பக்கம் காலியான இடத்தில் கூட்டல் குறி மாதிரி ஒன்று, அதன் தலையில் வலப்பக்கம் ஒரு சின்ன வளைவு. தலைப்பக்கத்தில், முகத்துக்கு முன்னால், வலது ஓரத்தில் மூன்று நான்கு எழுத்து இருக்கிற மாதிரி நிழல் விழுகிறது. முதல் எழுத்து ஆங்கில வி, அடுத்தது எஸ், அதற்கப்புறம் கொஞ்சம் இடைவெளி, பிறகு பி போல ஒரு கம்பும் வளைவும். வேறு எதுவும் எனக்குப் படிக்க வரவில்லை. இடது ஓரம் சுத்தமாக வழுக்கை.

அமராவதி மணல் எழுதியது:

சகோதரி, மூன்றாவது படத்தைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

வகை முடிவாகிவிட்டது. 13 மில்லிமீட்டர், ஒரு கிராம் சொச்சம், இடப்பக்கம் நடக்கும் தேவதை, பின்னால் இழுபடும் கைதி, முன்னால் அந்தக் குறி. அந்தக் கூட்டலின் தலையில் வளைவு இருக்கிறது என்றீர்களே, அது கிறிஸ்துவைக் குறிக்கும் பின்னல் எழுத்து, கிரேக்க டௌவையும் ரோவையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டது. எல்லாம் சேர்ந்தால் சாலுஸ் ரெய்புப்ளிகே வகைதான். சேகரிப்பவர்கள் பதினேழு மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கிற இந்தக் காலத்துச் செப்பை ஏஇ 4 என்பார்கள், அதில் இது. அந்தக் காலத்தில் இதற்குக் கீழே சில்லறை கிடையாது.

இப்போது யாருடைய காசு என்ற கேள்வி. இந்த வகையை முக்கியமாக நாலு பேர் பெயரில் அடித்தார்கள்: இரண்டாம் வாலன்டினியன், முதலாம் தியோடோசியஸ், அவருடைய பிள்ளைகள் ஆர்காடியஸ், ஹொனோரியஸ். நாலு பேர் முகமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், முகத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. எழுத்துதான் வழி. உங்களுக்குக் கிடைத்திருக்கிற துண்டு நிறையப் பேசுகிறது.

எழுத்து தலையைச் சுற்றி இடது கீழிருந்து மேலே ஏறி வலப்பக்கம் இறங்கும். தொடக்கத்தில் டி, என் என்று இரண்டெழுத்து, நம் பிரபு என்று பொருள். அப்புறம் பெயர், கடைசியில் பி, எஃப், பக்தியும் பாக்கியமும் உள்ளவர் என்று பொருள், அதன் பிறகு ஆகுஸ்டஸ் என்ற பேரரசர் பட்டத்தின் சுருக்கம். உச்சந்தலை வந்து குறுக்கே நிற்பதால் பெயர் இரண்டாக உடையும். எங்கே உடைகிறது என்பதுதான் சங்கதி. தியோடோசியஸ் பெயர் தியோடோ என்று இடப்பக்கம் நின்று, எஸ், ஐ, வி, எஸ் என்று நாலெழுத்து வலப்பக்கம் வரும். வாலன்டினியன் என்றால் வலப்பக்கம் ஏ, என், வி, எஸ். ஆர்காடியஸ் என்றால் ஆர்காடி வரை இடப்பக்கத்திலேயே முடிந்து, வலப்பக்கம் வெறும் வி, எஸ் மட்டும். ஹொனோரியஸ் பெயரும் அப்படி உடைவது உண்டு. யு என்ற எழுத்தை அவர்கள் வி போலத்தான் வெட்டுவார்கள், அதனால் யுஸ் என்று படியுங்கள்.

உங்கள் படத்தில் அந்த வி தலை உச்சியை ஒட்டியே நிற்கிறது, அதற்கு முன்னால் இன்னொரு எழுத்துக்கு இடமே இல்லை. இரண்டாவது, நாலாவது படங்களில் வெளிச்சம் வேறு பக்கம் வரும்போதும் அங்கே மேடு எழவில்லை. அடுத்தது எஸ், பிறகு இடைவெளி, பிறகு பி. ஆகவே தியோடோசியஸும் வாலன்டினியனும் விலகிக்கொள்கிறார்கள். ஆர்காடியஸ் அல்லது ஹொனோரியஸ், இதில் ஆர்காடியஸ் பக்கம் என் மனசு சாய்கிறது, ஏனென்றால் நம் பக்கம் வருகிற இந்தக் காசுகள் அதிகமும் பேரரசின் கிழக்குப் பாதியில் அடித்தவை, கிழக்கை ஆண்டவர் அவர். ஆனால் கிழக்கத்திய அக்கசாலைகளில், அதாவது காசு அடிக்கும் கூடங்களில், தம்பி ஹொனோரியஸ் பெயரிலும் அடித்தார்கள், எனவே இது சாய்வுதான், முடிவு இல்லை. பெயரின் முதல் எழுத்து இருந்த இடது ஓரம் வழுக்கை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

எந்த ஊர் அக்கசாலை என்பது கைதியின் காலடிக் கோட்டுக்குக் கீழே இருக்கும், கான்ஸ்டான்டிநோபிள், அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா, சைசிகஸ், இப்படி ஊரின் சுருக்கெழுத்து. உங்கள் காசில் அந்தப் பகுதி தகட்டுக்கு வெளியே போய்விட்டது. அது தேய்மானம் இல்லை, பிறவியிலேயே இல்லை. அவசர அவசரமாக அடித்த சில்லறை, அச்சு பெரிது, தகடு சின்னது, கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரத்து எழுத்து விழாது.

ஹொனோரியஸ் 393இல்தான் பட்டத்துக்கு வந்தார், ஆர்காடியஸ் 383லேயே. இரண்டு பேரையும் வைத்துப் பார்த்தால் 388 முதல் சுமார் 402 வரை என்று எழுதிக்கொள்ளுங்கள். இதைவிடக் குறுக்கிச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் எந்த எழுத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

யாழ் அலை எழுதியது:

ஒரு விஷயம் சேர்க்க விரும்புகிறேன். நான் இலங்கையிலிருந்து வேலைக்காக வந்து இந்திரா நகரில் இருக்கிறேன். எங்கட பக்கம் இந்த வகைக் காசு குவியல் குவியலாக வந்திருக்கு. அதோட, இவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே அடித்த போலச்செய்த காசுகளும் ஏராளம், மாத்தறைக்குப் பக்கத்தில் நைமனவில் கிடைத்த புதையல் அதற்குப் பேர்போனது. அவற்றில் உருவம் குச்சி குச்சியாக இருக்கும், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடும் புள்ளியும்தான். இதுவும் அப்படி ஒன்றோ என்று முதல் படத்தைப் பார்த்தபோது நினைத்தேன். அக்காவின் டார்ச் படங்களில் வி, எஸ், பி ஒழுங்கான வரிசையில் இருக்கிறதும், பட்டத்து நாடா இரண்டாகப் பிரிந்து தொங்குகிறதும் பார்த்த பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். பேரரசின் அக்கசாலையில் அடித்த காசுதான்.

இவ்வளவு தேய்ந்திருக்கிறதே என்று வருத்தப்படாதீங்கோ. இங்கேயும் எங்கட பக்கமும் கிடைக்கிறவை அதிகம் இப்படித்தான், கைமாறிக் கைமாறித் தேய்ந்தவை. செப்புச் சில்லறையைக் கடல் கடந்து கொண்டுவந்தால் உலோகத்துக்காக என்ன பெரிய இலாபம் வரப்போகிறது? இங்கே சந்தையில் சின்னக் காசுக்குத் தேவை இருந்திருக்கிறது, ஆட்கள் வாங்கிப் புழங்கியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கரூர்ச் சந்தையில் யாரோ இதைக் கொடுத்து ஏதோ வாங்கியிருக்கிறார்கள்.

பேட்டைக்காரன் எழுதியது:

சட்டம் பற்றி யாரும் சொல்லவில்லை. நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள்தான். குடும்பத்தில் வழிவழியாக வந்ததை வைத்துக்கொள்வதில் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, அமெரிக்காவில் இருக்கிற சொந்தக்காரர் யாராவது கேட்டாலும் கூரியரில் போட்டுவிடாதீர்கள். மண்ணைத் தோண்டும்போது புதிதாகக் கிடைத்தால் அது வேறு கதை. 1878 புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நான் பேட்டையில் வருடக்கணக்காகக் காசு பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். இந்த மாதிரி தேய்ந்த ரோமானியச் சில்லறை இன்றைக்கு ஆன்லைனில் மொத்தமாக விற்பனைக்கு வருகிறது, ஐரோப்பாவில் தோண்டி எடுத்தது. அதைக் கொண்டுவந்து "கரூர் ஆற்றுக் காசு" என்று சொல்லி விற்றால் கண்ணால் பார்த்து யாரும் பிரிக்க முடியாது. உங்கள் காசின் அருமை அது கரூரில் ஒரு வீட்டில் இருந்தது என்பதில்தான் இருக்கிறது. அந்தச் செய்தி இப்போது உங்கள் தலையிலும் உங்கள் அத்தை தலையிலும் மட்டும் இருக்கிறது. அத்தையிடம் கேட்டு எழுதி வையுங்கள். காசை டப்பாவில் போடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

அமராவதி மணல் எழுதியது:

பேட்டைக்காரர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். அந்த மஞ்சள் துணியையும் தூக்கிப் போடாதீர்கள். துணியில் மணல் ஒட்டியிருந்தால் அதையும் ஒரு காகிதத்தில் மடித்து வையுங்கள்.

கரூர்ப்பொண்ணு எழுதியது:

நேற்று இரவு அத்தையோடு ஒரு மணி நேரம் பேசினேன். இங்கே எழுதிவிடுகிறேன், இதுவும் ஒரு பதிவாக இருக்கட்டும்.

அப்பாயியுடைய அப்பாவுக்கு அமராவதிக் கரையில் கொஞ்சம் நிலம் இருந்ததாம். வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றில் ஆட்கள் மணலைச் சலித்துக்கொண்டிருப்பார்கள், தங்கப்பொடி, பழைய காசு, மணி எது கிடைத்தாலும் எடுப்பார்கள். அப்படிச் சலிக்கிறவர்கள் களத்து நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டுப் போகும்போது ஒரு தடவை இரண்டு காசு கொடுத்துவிட்டுப் போனார்களாம். ஒன்று எங்கே போனது என்று தெரியாது. இன்னொன்றில் இறக்கை தெரிந்ததால் பெருமாள் வாகனம் என்று சொல்லி அப்பாயியின் அம்மா மஞ்சள் துணியில் முடிந்துவைத்தார்கள். அப்பாயி கல்யாணமாகி வரும்போது முடிச்சோடு கொண்டுவந்தது. அப்பாயிக்குக் கல்யாணம் 1951இல், அந்த வருடம் மட்டும் அத்தைக்கு உறுதியாகத் தெரியும், பத்திரிகை இருக்கிறது.

கைதியைப் பற்றிச் சொன்னதும் அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அம்மாவுக்கு இதைக் காட்டியிருக்கலாமே கண்ணு என்றார்கள்.

டிஸ்டில்டு வாட்டர் வாங்கிவிட்டேன், காசு ஊறுகிறது. துணியைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், மணல் இல்லை, மஞ்சள்தான். டப்பாவில் போட ஒரு சீட்டு எழுதியிருக்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்:

"ரோமானியச் செப்புக் கலவைக் காசு, ஏஇ 4, சாலுஸ் ரெய்புப்ளிகே வகை. ஆர்காடியஸ் அல்லது ஹொனோரியஸ். சுமார் 388–402. 1.08 கிராம், 13.2 × 12.4 மில்லிமீட்டர். அக்கசாலைக் குறி காசில் விழவில்லை. கரூர், அமராவதி ஆற்று மணலில் சலித்தெடுத்தது, 1951க்கு முன். வீட்டில் வழங்கிய பெயர் கருடன் காசு."

அமராவதி மணல் எழுதியது:

ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் பரவும்.